நின்ற பயணமும் நில்லாத மனமும்



மனித வாழ்வைப் பயணத்திற்கு ஒப்பிட்டுக் கூறுதல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான வழக்கு. நம் ஆகமங்களோ ஒருபடி மேலே சென்று, தேவர், மக்கள், விலங்கு, நரகர் என்னும் நான்கு கதிகளிலும் உயிரானது தொடக்கமறியாக் காலமாகச் சுழன்று வருவதையே பெரும்பயணமாகக் காட்டுகின்றன. அப்பயணத்தில் ஓய்வின்றி ஓடிப் பழகிவிட்ட உயிருக்கு, இவ்வுலகச் சிறுபயணத்தில் ஓரிரு நாள் நிற்க நேர்ந்தாலும் அது பொறுத்தற்கரிய துன்பமாகத் தோன்றுகிறது. பேருந்து அரைமணி தாமதித்தால் முகம் சுளிக்கின்றோம். புகைவண்டி நடுவழியில் நின்றால் நிலைய அதிகாரியைத் தேடிச் சென்று சினக்கின்றோம். வானூர்தியே பறவாது நின்றுவிட்டால் என் செய்வோம்? அதுவும் ஓரூரில் அன்று, ஒரு கண்டத்தின் பெரும்பகுதியிலேயே நின்றுவிட்டால்?

இவ்வினா கற்பனையன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஐரோப்பாவில் இது நடந்தேறியது. அந்நிகழ்ச்சியை முன்வைத்து, தடைப்பட்ட வேளையில் மனத்தை நிறுத்துவது எவ்வாறு என்பதை நம் அறநூல்களின் துணைகொண்டு சிந்திப்போமாக.

சாம்பல் மேகத்தின் வரலாறு

அட்லாண்டிக் பெருங்கடலின் வடகோடியில் உள்ள தீவு நாடு ஐசுலாந்து. கடலடியில் நிலத்தட்டுகள் இரண்டு ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்லும் பிளவின்மீதே அந்நாடு அமைந்துள்ளது. ஆதலின் அங்கு எரிமலைகள் மிகுதி. அவற்றுள் ஒன்று எய்யாபியாட்லயோக்குட்ல் என்பது. நம் நாவிற்கு எளிதில் வாராத இப்பெயருக்குத் தீவுமலைப் பனியாறு என்பது பொருள். மலையுச்சியைத் தடித்த பனிப்பாறை மூடியிருப்பதால் அப்பெயர் பெற்றது.

2010 மார்ச் 20ஆம் நாள் அம்மலையின் பக்கவாட்டில் நெருப்புக் குழம்பு கசியத் தொடங்கிற்று. அது கண்டு களிக்க மக்கள் சென்றனர். ஏப்ரல் 14ஆம் நாளோ பனியின் அடியிலேயே உச்சி வெடித்தது. கொதிக்கும் குழம்பும் பனியுருகிய நீரும் மோதியதால் பாறை நுண்துகளாகச் சிதறி, ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உயரத்திற்கு எழுந்தது. வடமேற்கிலிருந்து வீசிய காற்று அத்துகள்களை நேரே ஐரோப்பாவின் மீது கொண்டு சேர்த்தது. மறுநாள் முதல் பிரிட்டன் தொடங்கி நாட்டுக்கு நாடு வான்வெளி மூடப்பெற்றது. ஏறக்குறைய ஆறு நாள்கள் அந்நிலை நீடித்தது. ஒரு லட்சம் அளவிலான விமானப் பயணங்கள் கைவிடப்பட்டன. ஏறத்தாழ ஒரு கோடிப் பயணிகள் வழியில் தவித்தனர்.

இத்தடை ஏழை, செல்வர் என்றோ, ஆள்வோர், ஆளப்படுவோர் என்றோ வேறுபாடு காணவில்லை. அமெரிக்காவிலிருந்து நாடு திரும்பிய செருமனியின் தலைமையமைச்சர் அங்கெலா மெர்க்கல், லிஸ்பனில் இறங்கி, ரோம் நகருக்குச் சென்று, அங்கிருந்து சாலை வழியே ஊர் சேர வேண்டியதாயிற்று. நார்வேயின் தலைமையமைச்சர் நியூயார்க்கில் தங்கிவிட்டார். விமான விபத்தில் மாண்ட போலந்துக் குடியரசுத் தலைவரின் இறுதிச்சடங்கு ஏப்ரல் 18ஆம் நாள் கிராக்கோவ் நகரில் நடந்தபோது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா உள்ளிட்ட பலர் செல்ல இயலவில்லை. பார்சிலோனாவின் கால்பந்துக் குழுவினர் மிலான் நகரில் நிகழ்ந்த ஆட்டத்திற்குப் பேருந்தில் சென்றனர். வடதுருவத்தருகே எழுந்த துகளின் விளைவு நிலநடுக்கோட்டையும் எட்டிற்று. கென்யா நாட்டில் ஐரோப்பியச் சந்தைக்கெனப் பறித்த மலர்களும் காய்களும் கிடங்குகளில் தேங்கி அழுகின. அவற்றைப் பறித்துக் கட்டிய கூலியாளர் வேலையின்றி வீடு திரும்பினர்.

இஃது அயல்நாட்டாருக்கு மட்டும் உரிய செய்தி என்று நாம் கருதிவிடலாகாது. 2025 நவம்பர் 23ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி என்னும் எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி, யேமன், ஓமன் நாடுகளைக் கடந்து, நம் நாட்டின் வடமேற்கு வான்வெளிக்கும் வந்தது. இங்கும் சில விமானங்கள் நிறுத்தப்பட்டன. காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. எங்கோ எழும் ஒரு துகள் எங்கோ உள்ள ஓருயிரைத் தொடுகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் கூறுவதன் உண்மையை இங்குக் கண்கூடாகக் காண்கின்றோம்.

நிறுத்தியதும் ஓர் அஹிம்சையே

வெறும் சாம்பலுக்கு அஞ்சி இத்துணைப் பெரிய ஊர்திகளை நிறுத்துவதா எனச் சிலர் வினவலாம். இது நம் அடுப்பங்கரையில் காணும் சாம்பல் அன்று. கல்லும் கண்ணாடியும் அரைபட்ட நுண்பொடி. வானூர்தியின் பொறிக்குள் இது புகுந்தால், அங்குள்ள கடும் வெப்பத்தில் உருகி, பின் உள்ளிருக்கும் அலகுகளில் படிந்து இறுகி, காற்றோட்டத்தை அடைத்துவிடும். முன்கண்ணாடியைத் தேய்த்து ஒளி புகாமற் செய்யும். விரைவைக் காட்டும் குழாய்களையும் அடைக்கும். மழைமேகத்தைக் காட்டும் கருவி இதனைக் காட்டாது.

1982 ஜூன் 24ஆம் நாள் இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகர் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் வானூர்தி ஒன்று, சாவகத் தீவின் கலுங்குங் எரிமலை எழுப்பிய சாம்பலுள் அறியாது புகுந்தது. அதன் நான்கு பொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சுமார் 37,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்த ஊர்தி பொறியின்றிச் சறுக்கி இறங்கிற்று. சாம்பலுக்குக் கீழே வந்தபின்னரே பொறிகள் மீண்டும் இயங்கின. தேய்ந்து மங்கிய கண்ணாடியின் வழியே வழி தெரியாது, ஓட்டுநர் எரிக் மூடியும் அவர்தம் துணைவரும் ஜகார்த்தாவில் இறக்கினர். ஊர்தியில் இருந்த அனைவரும் உயிர் பிழைத்தனர். 1989 டிசம்பர் 15ஆம் நாள் அலாஸ்காவில் மற்றோர் ஊர்திக்கும் இவ்வாறே நேர்ந்தது. இவ்விரு பட்டறிவின் பின்னரே, உலக வான்வெளியைப் பகுத்துச் சாம்பலைக் கண்காணிக்கும் ஒன்பது மையங்கள் அமைந்தன.

ஆகவே, விமானம் நிறுத்தப்பட்டது என்னும் அறிவிப்பைக் கேட்டவுடன், நமக்கு ஏதோ தீங்கு இழைக்கப்பட்டதாகக் கருதுவது நற்காட்சி ஆகாது. நம் உயிரையும் உடன் வருவோர் உயிரையும் காக்கும் பொருட்டு ஒருவர் தம் வருவாயை இழந்து ஒரு செயலைச் செய்யாது விட்டார் என்பதே உண்மை. செய்வதனால் மட்டுமன்றிச் செய்யாமையாலும் அறம் வளரும் என்பது நம் சமயத்தின் சிறப்பான கொள்கை. கொல்லாமை, பொய்யாமை, களவாமை என விரதங்கள் எல்லாம் விலகி நிற்றலையே கூறுதல் காண்க.

நம் துறவியர் ஆண்டுதோறும் மழைக்காலத்து நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குவர். மற்றைக் காலத்தில் ஊர்தி ஏறாது காலால் நடந்து ஊர்தோறும் அறம் உரைப்போர், மண் நனைந்து புல்லும் புழுவும் தளிர்க்கும் அக்காலத்தில் நடையையும் நிறுத்திவிடுவர். அவர்தம் கால்களுக்குத் தளர்ச்சி இல்லை. வழியிலும் தடை இல்லை. கால் பட்டால் ஓருயிர் நோகும் என்னும் அருள் ஒன்றே அவர்களை நிறுத்துகிறது.

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாத சுவாமியின் வரலாற்றையும் நாம் அறிவோம். மணக்கோலம் பூண்டு தேரேறிச் சென்ற வழியில், விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் அவர்தம் செவியில் வீழ்ந்தது. தேர் நின்றது. அது மணப்பந்தலுக்குச் செல்லாமல் திரும்பிற்று. அவர் ஊர்ஜயந்தகிரி ஏறித் தவம் மேற்கொண்டார். நின்றுபோன அப்பயணம் இழப்பாகவா முடிந்தது? உலகிற்கு அதனினும் பெரிய ஊதியம் யாது? பயணம் நிற்பது எப்போதும் கேடு என்று எண்ணுவது அறியாமை என்பதற்கு இவ்வொன்றே போதிய சான்றாகும்.

எவரும் தண்டிக்கவில்லை

இத்தகைய பேரிடர் நிகழும்போது, இது தெய்வச் சினம் என்று கூறுவோர் உளர். உலகைப் படைத்து, காத்து, தண்டிக்கும் ஒருவனை நம் சமயம் ஏற்பதில்லை. நிலமும் நீரும் தீயும் காற்றும் தத்தம் இயல்பின்படி இயங்குகின்றன. நிலத்தட்டு விலகுகிறது, குழம்பு மேலெழுகிறது, பனி உருகுகிறது, காற்று வீசுகிறது. அவற்றுக்கு நம்மேல் பகையும் இல்லை, நட்பும் இல்லை.

இனி, வேறு சிலர், எல்லாம் அவரவர் வினை என்று சொல்லி அமைதி அடைவர். வினைக்கோட்பாடு நம் சமயத்தின் உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனைப் பயன்படுத்தும் முறையில் நாம் விழிப்போடு இருத்தல் வேண்டும். என் துன்பம் நேரும்போது, இது என் வினை என்று எண்ணிப் பிறரை நோவாதிருத்தல் அறிவு. பிறர் துன்புறும்போது, அது உன் வினை என்று கூறிக் கைகட்டி நிற்றல் கொடுமை. வினைக்கோட்பாடு நம்மைத் திருத்திக்கொள்ளத் தரப்பட்ட கண்ணாடி. பிறர்மீது எறியும் கல் அன்று. கைக்குழந்தையோடு நிலையத்தின் தரையில் இரவைக் கழிக்கும் ஒரு தாய்க்கு நாம் வினை விளக்கம் சொல்ல வேண்டுவதில்லை. நம் போர்வையைக் கொடுத்தால் போதும்.

ஐசுலாந்து உழவர்கள் அந்நாள்களில் செய்ததை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். மலையடிவாரத்து மக்கள் பலர் பனிவெள்ளத்திற்கு அஞ்சி வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. சாம்பலில் உள்ள ஃபுளோரின் என்னும் நஞ்சு புல்லிற் படிந்தால் அதனை மேயும் கால்நடைகள் மடியும். 1783ஆம் ஆண்டு லாக்கி என்னும் பிளவு வெடித்தபோது, அந்நாட்டின் கால்நடைகளில் பாதிக்கு மேற்பட்டவை மாண்டன. அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். அந்நினைவு மாறாத உழவர்கள், 2010இல் இருள்போல் கவிந்த சாம்பலிடையே சென்று ஆடுகளையும் குதிரைகளையும் தேடித் தொழுவத்துள் சேர்த்தனர். நமக்கு ஒரு பயணச்சீட்டு வீணாயிற்று என்று வருந்தும் வேளையில், வாயில்லா உயிர்களின் புல்லே நஞ்சாகும் இடரை எண்ணினால், நம் துன்பத்தின் அளவு நமக்குப் புலனாகும்.

ஆர்த்தம் என்னும் எரிமலை

இனி, தடைப்பட்ட பயணியின் மனத்தில் நிகழ்வது யாது என ஆராய்வோம். நம் நூல்கள் தியானத்தை நான்காகப் பகுக்கின்றன. அவற்றுள் ஆர்த்தம், ரௌத்திரம் என்னும் இரண்டும் தீயவை. ஆர்த்தமாவது துன்பத்திலேயே மனம் ஊன்றி நிற்றல். அதன் வகை நான்கு. வேண்டாதது வந்து சேர்ந்ததே என்று வருந்துதல் ஒன்று. வேண்டியது பிரிந்ததே என்று ஏங்குதல் ஒன்று. உடல் நோவையே எண்ணிக்கிடத்தல் ஒன்று. இனி வரவேண்டிய இன்பத்தையே கனவு காணுதல் ஒன்று.

விமான நிலையத்தில் அடைபட்டவனின் நிலையை இந்நான்கோடும் பொருத்திப் பாருங்கள். இந்தத் தரையும் கூட்டமும் எனக்கு ஏன் வாய்த்தன என்கிறான். வீடும் மனைவி மக்களும் தொலைவில் உள்ளனரே என்கிறான். முதுகு வலிக்கிறதே என்கிறான். இந்நேரம் அங்கிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பேன் என்கிறான். பன்னூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த பாகுபாடு இன்றைய மனிதனுக்குச் சிறிதும் பிசகாமல் பொருந்துகிறது.

இந்த ஆர்த்தம் முற்றினால் சினமாகிறது. சினம் வந்தால் அது செல்லும் இடம் யாது? எரிமலையின்மீது சினக்க இயலாது. காற்றின்மீது சினக்க இயலாது. ஆகவே பயணச்சீட்டு மேசையில் அமர்ந்திருக்கும் எளிய ஊழியர்மீது அது பாய்கிறது. வான்வெளியை மூடியவர் அவர் அல்லர். திறக்க வல்லவரும் அல்லர். அவரும் தம் வீட்டிற்குச் செல்ல இயலாது நிற்பவரே. அவரிடம் கடுஞ்சொல் கூறுவதால் ஒரு விமானமும் எழுவதில்லை. நம் உயிரில் வினைத்துகள் மட்டுமே வந்து ஒட்டுகிறது. பொறியுள் புகுந்த சாம்பல் உருகி இறுகுவதுபோல், கஷாயத்தின் வெப்பத்தில் வினை உயிரோடு இறுகிக் கட்டுண்கிறது. வெப்பம் இல்லையேல் துகள் படிந்தும் இறுகாது உதிர்ந்துவிடும். ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்னும் தத்துவங்களை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

சுவரும் விரதமும்

அவ்வாறாயின் மனத்தை ஆற்றும் வழி யாது? நம் அறநூல்கள் தேசவிரதம் என ஒன்றைக் கூறுகின்றன. தேசாவகாசிகம் என்பதும் அதுவே. திக்குவிரதத்தால் வாழ்நாள் முழுமைக்கும் திசை எல்லை வகுத்துக்கொண்ட சாவகன், அதற்குள்ளும், இன்று இவ்வூர்க்குள், இந்நாழிகை இவ்வீட்டிற்குள் என்று மேலும் குறுக்கிக்கொண்டு, அதற்கு அப்பால் செல்லாதும், ஆள் அனுப்பாதும், பொருள் வரவழைக்காதும் இருப்பது அவ்விரதமாகும். குறித்த எல்லைக்கு வெளியே அவனால் எவ்வுயிர்க்கும் தீங்கில்லை. அந்த அளவில் அவன் துறவிக்கு ஒப்பாவான்.

அடைபட்ட பயணிக்கு எல்லை ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டது. ஒரு கூடம், நான்கு சுவர், சில நாள். அவன் செய்ய வேண்டுவது ஒன்றே. விமானம் புறப்படும் என்னும் அறிவிப்பு வரும்வரை இக்கூடமே என் எல்லை. இதற்கு வெளியே உள்ளவற்றின்மேல் என் விருப்பு வெறுப்புகளைச் செலுத்தேன் என மனத்தால் ஏற்றுக்கொள்ளுதல். சுவர் மாறவில்லை; தரை மாறவில்லை. ஏற்காதவனுக்கு அது சிறை. ஏற்றவனுக்கு அது விரதம்.

கட்டாயத்தால் வந்த துன்பத்தைத் தாங்குவதை அகாம நிர்ஜரை என்பர் நூலோர். சிறையில் கட்டுண்டவன் பசியையும் நீர்வேட்கையையும் பொறுத்தலை அதற்கு எடுத்துக்காட்டுவர். அதற்கும் ஒரு பயன் உண்டு. ஆயினும் அது சிறிது. அறிவோடும் விருப்போடும் மனத்தைச் செறித்து ஏற்கும் பொறையே வினையை வேரோடு உதிர்க்கும். இவ்விரண்டிற்கும் புறத்தே வேறுபாடு யாதும் இல்லை. ஒரே இருக்கையில் இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் நேரத்தை இழப்பார். மற்றவர் வினையை இழப்பார்.

துறவியர் வெல்லவேண்டிய பரீஷகங்கள் இருபத்திரண்டு எனத் தத்துவார்த்த சூத்திரம் தொகுத்துரைக்கும். பசி, நீர்வேட்கை, குளிர் என்பவற்றோடு, இருக்கை, படுக்கை, கடுஞ்சொல், விரும்பியது கிட்டாமை என்பனவும் அவற்றுள் அடங்கும். விமான நிலையத்தில் இரவைக் கழித்தவர் இப்பட்டியலைப் படித்தால் தம்மைக் குறித்தே எழுதியதென்று வியப்பர். தவத்தோர் வாழ்நாள் முழுதும் மேற்கொள்வதை இல்லறத்தார் இரண்டு நாள் பழகிப்பார்க்க வாய்த்த பள்ளி அது எனலாம்.

இரு பக்க வழக்கும் அநேகாந்தமும்

அந்நாள்களில் ஒரு வழக்கும் எழுந்தது. வான்வெளியை மூடிய அதிகாரிகள், ஓருயிரும் போதல் கூடாது. சாம்பல் இருக்கும் இடத்தில் பறத்தல் ஆகாது என்றனர். விமான நிறுவனத்தாரோ, சோதனைப் பறப்பு நடத்திப் பார்த்தோம், பொறிகளுக்குக் கேடில்லை, அளவு மீறிய அச்சம் இது என்றனர். முன்னவர் கூற்றும் பொய்யன்று. பின்னவர் கூற்றும் பொய்யன்று. சாம்பல் கொல்லும் என்பது ஒரு நயம். எல்லா அளவு சாம்பலும் கொல்வதில்லை என்பது மற்றொரு நயம். எவ்வளவு எனக் கேட்பதே இரண்டையும் இணைக்கும் வினா. பொறி செய்வோரையும் அறிவியலாரையும் கூட்டி ஆராய்ந்தபின், பிரிட்டனில் ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்னும் அளவு வரை பறக்கலாம் என்று வரையறுத்தனர். ஏப்ரல் 20ஆம் நாள் இரவு வான்வெளி திறக்கலாயிற்று.

ஒரு பக்கத்தையே பற்றி நின்றிருந்தால் வானம் மூடியே கிடந்திருக்கும். அன்றேல் உயிர்கள் மாண்டிருக்கும். அநேகாந்தம் என்பது நூலேட்டில் மட்டும் வாதிடற்குரிய தருக்கம் அன்று, உயிர்காக்கும் நடைமுறை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சமநிலை என்பது மரத்துப்போதல் அன்று

இவ்வளவும் கேட்டபின், ஒருவர் நம்மைப் பின்வருமாறு வினவலாம்: விடுமுறைக்குச் சென்றவன் இரண்டு நாள் தாமதித்தால் நீங்கள் சொல்லும் பொறுமை எளிது. தந்தை இறக்கும் தறுவாயில் உள்ளார் என்னும் செய்தி கேட்டு ஓடிவந்த மகன், சாம்பலால் தடைப்பட்டு, தந்தையின் முகத்தையும் காண இயலாது போயின், அவனிடமும் விரதம் பேசுவீரோ?

இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. அம்மகனிடம் நாம் முதலில் பேசவே வேண்டியதில்லை. அவன் அருகே அமர்தல் வேண்டும். அவன் அழுகை ஆர்த்தத்தில் சேரும் என்று அவ்வேளையில் கணக்கிடுபவன் அறத்தை அறியாதவன். இல்லறத்தாரின் பாசம் குற்றமெனத் தள்ளப்படுவதன்று. அது படிப்படியாகத் தெளிய வேண்டியது.

பின்னர், அவன் கேட்க விரும்பும் வேளையில், இவற்றைச் சொல்லலாம். ஒருவர் இறுதியில் அவருக்குத் துணையாவது உறவினரின் உடல் அருகிருத்தல் அன்று. அவர்தம் மனம் நல்ல நினைவில் நிற்பதே. நம் வீடுகளில் உயிர் பிரியும் தறுவாயில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செவியில் ஓதுகின்றோம். அவ்வோசை தொலைபேசி வழியே சென்றாலும் அதே மந்திரமே. வழியில் நிற்கும் மகன், அருகிருக்கும் ஒருவரிடம் கருவியைத் தந்தையின் செவியருகே வைக்கச் சொல்லி ஓதலாம். அப்பா, நான் நலம். வீட்டைப் பற்றிய கவலை வேண்டா. பிழை இருப்பின் பொறுத்தருள்க என்று கூறலாம். அருகிருந்தும் வாய்திறவாது அழுதுகொண்டே நின்ற பிள்ளைகள் பலர் செய்யாததை, தொலைவிலிருந்து அவன் செய்தவன் ஆவான்.

அசரணம், ஏகத்துவம் என்று பன்னிரு சிந்தனைகளில் நாம் ஓதுகின்றோம். பிறப்பில் தனியே வந்தோம். இறப்பில் தனியே செல்வோம். காப்பவர் பிறரில்லை என்பது அவற்றின் கருத்து. பக்கத்து அறையில் இருந்த மகனாலும் தந்தையின் மரணத்தை ஒரு நொடி தள்ளிவைக்க இயலாது. பக்கத்து அறைக்கும் பக்கத்துக் கண்டத்திற்கும் அந்த அளவில் வேறுபாடில்லை. இது கொடிய உண்மைபோல் தோன்றினும், நான் சென்றிருந்தால் காத்திருப்பேனே என்னும் தீராப் பழியுணர்விலிருந்து அவனை விடுவிக்கும் மருந்தும் இதுவே.

கடமையும் உரிமையும்

சமநிலை என்பதால் சோம்பி இருத்தலும் ஆகாது. மாற்றுவழி தேடுதல், தகவல் கேட்டறிதல், உரிய பணத்தைத் திரும்பக் கேட்டல் என்பன இல்லறத்தாரின் கடமைகள். சினமின்றிக் கேட்பதே வேண்டுவது. ஐரோப்பிய நாடுகளின் சட்டப்படி, தடைக்குக் காரணம் நிறுவனமே அன்றாயினும், நிற்கும் பயணிக்கு உணவும் தங்குமிடமும் தருதல் அந்நிறுவனத்தின் பொறுப்பு. 2010ஆம் ஆண்டுச் சாம்பல் பற்றிய வழக்கில் 2013 ஜனவரி 31ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. இடர் எத்துணை அரிதாயினும் எத்துணை நாள் நீடிப்பினும் அப்பொறுப்பு நீங்காது என்பது தீர்ப்பு. குற்றம் இல்லாதவிடத்தும் பேணும் கடமை உண்டு என்னும் இக்கருத்து, வழிப்போக்கரைப் பேணுதலைச் சாவகரின் விரதங்களுள் வைத்த நமக்குப் புதிதன்று.

பயணம் மேற்கொள்ளும் நம்மவர் மனங்கொள்ளத்தக்க சில நியமங்களை இங்குத் தொகுத்துக் கூறுகின்றோம்.

1. அவல், பொரி, வறுத்த பயறு, உலர்பழம் போன்றவற்றை இரண்டு நாளுக்கு ஆகும் அளவு கைப்பையில் கொள்க. புலால் கலவாத உணவு கிட்டாத இடத்தில் நோன்பு காக்கவும், பசித்த ஒருவருக்குப் பகிரவும் அது உதவும்.

2. நாள்தோறும் உண்ணும் மருந்தைப் பயண நாள்களுக்கு மேலும் ஒரு வாரத்திற்கு எடுத்துச் செல்க. அதனைச் சரக்குப் பெட்டியில் இடாது கையிலேயே வைத்திடுக.

3. இரவுண்ணாமை மேற்கொண்டோர், அவ்வூரில் ஞாயிறு மறையும் நேரத்தை முன்னரே கேட்டறிக. சித்திரை, வைகாசித் திங்களில் வடநாடுகளில் பகல் நீளும் என்பதால், அங்கு நியமம் காத்தல் எண்ணுவதினும் எளிது.

4. தடை நேர்ந்தவுடன், வீட்டாருக்குச் செய்தி சொல்லிவிட்டு, ஒரு முகூர்த்த நேரம், அதாவது 48 நிமிடம், சாமாயிகம் செய்க. அதன் பின்னரே பயண மேசைக்குச் செல்க. முதற்சினம் அதற்குள் தணிந்திருக்கும்.

5. உடனிருப்போருள் முதியோர், குழந்தை, மொழி அறியாதார் எவர் எனப் பார்த்து, ஒருவருக்கேனும் துணையாகுக. பிறர் துன்பத்தில் ஈடுபட்ட மனத்தில் ஆர்த்தத்திற்கு இடமில்லை.

6. தடைப்பட்ட ஊரில் குடியிருக்கும் நம்மவர், வந்து நிற்போர் எச்சமயத்தவராயினும் வீட்டைத் திறந்துவைத்து விருந்தோம்புக. ஆண்ட்வெர்ப்பில் வைர வணிகம் செய்வோரும், ஆலயம் எழுப்பி வழிபடும் லெஸ்டர் நகரத்தாரும் என, நம் சமயத்தார் இன்று வாழாத பெருநகர் அரிது. தொலைநாட்டில் ஒரு கவளம் தூய உணவின் அருமை உண்டவர்க்கே தெரியும்.

மயிற்பொறி இறங்கிய இடம்

நம் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் ஓர் ஊர்தி வருகிறது. கட்டியங்காரனின் வஞ்சகத்தால் சச்சந்தன் வீழும் வேளையில், கருவுற்ற விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி அவன் அனுப்பினான். அரண்மனையில் மகனைப் பெற வேண்டிய அரசியை அப்பொறி கொண்டுசென்று இறக்கிய இடம் யாது? சுடுகாடு. சாம்பலின் நடுவே சீவகன் பிறந்தான். இறந்த தன் மகவோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன், உயிரோடு கிடந்த குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தான். அவ்விருவருமே அன்று தாம் விரும்பிய இடத்தில் இருந்தவர் அல்லர். ஆயினும், ஆண்டு, வென்று, நுகர்ந்து, இறுதியில் அனைத்தும் துறந்து வீடுபெற்ற ஒரு பேருயிர் வாழத் தொடங்கியது அங்குதான். விசயை அச்சாம்பலிடையே உடைந்து அழுதாள், எனினும் அழிந்துவிடவில்லை. செய்ய வேண்டியதைச் செய்து, தவப்பள்ளி சென்று காத்திருந்தாள்.

ஊர்தி எங்கே இறக்கும் என்பது நம் கையில் இல்லை. இறங்கிய இடத்தில் எத்தகைய மனத்தோடு நிற்கின்றோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. 2010இல் மூடிய வானம் ஆறு நாளில் திறந்தது. சினத்தாலும் பற்றாலும் மூடிய உயிரின் வானம் எண்ணிறந்த பிறவிகளாகத் திறவாதிருக்கிறது. அதனைத் திறக்கும் கருவி நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியே. வழியில் நிற்க நேரும் ஒவ்வொரு நாழிகையையும் அம்மணிகளைத் துலக்கும் நாழிகையாக்கிக் கொள்வோமாக.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அருளறம் ஓங்குக!